மாடியம்மா மாட்டிக்கொண்ட பலகை

உங்களில் எத்தனை பேர் கழுத்தில் பலகை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்கள் தாராளமாகக் கையைத் தூக்கலாம். காதோரம் நரைத்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை நாமே எழுதிக் கொடுக்கிற வயதுக்கு வந்துவிட்டோம். இனிமேல் யார் நம்மை முட்டி போடச் சொல்லப் போகிறார்கள்?

எங்கள் பள்ளியில் வகுப்புக்கு ஒரு பலகை உண்டு. உள்ளங்கை அகல ப்ளைவுட் துண்டு, மேலே ஓட்டை போட்டுக் கோத்த சணல் கயிறு. வெள்ளைப் பெயின்ட்டில் 'ஐ ஸ்போக் தமிழ்' என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கும். வகுப்பில் தமிழ் பேசி மாட்டியவர் கழுத்துக்கு அது போகும். மாட்டிக்கொண்டவர் அடுத்து யார் தமிழ் பேசுகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு அலைய வேண்டும். ஆள் அகப்பட்டதும் எதிரே போய் நின்று, 'யூ ஸ்போக் தமிழ், டேக் திஸ்' என்று இங்கிலீஷில் சொல்லி அவர் கழுத்தில் போட்டுவிட வேண்டும். வாயால் சொல்லாமல் போட்டால் செல்லாது. சாயங்கால மணி அடிக்கும்போது அது யாரிடம் இருக்கிறதோ அவர் வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் மாட்டிக்கொண்டே வர வேண்டும். கரஸ்பாண்டென்ட் கண்டுபிடித்த முறை இது. அவருக்கு இதில் பெருமை அதிகம்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு, தம்பி இரண்டாம் வகுப்பு. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெருவில் கீழ்வீட்டில் குடியிருந்தோம். அப்பா சிப்காட்டில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். காற்று அந்தப் பக்கமாக அடித்தால் கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் கருப்புத் தூள் படிந்துவிடும், அம்மா காற்றைத் திட்டிக்கொண்டே மறுபடி அலசுவாள்.

காலாண்டு விடுமுறை முடிந்த வாரத்தில்தான் தம்பி கழுத்தில் பலகை ஏறியது. அவன் செய்த குற்றம், 'மிஸ், ஒண்ணுக்கு' என்று கேட்டது. அவசரத்தில் இங்கிலீஷ் வரவில்லை. அன்று ஏறியது இறங்கவே இல்லை, ஏனென்றால் இறக்கி வைக்கிற அந்த ஒரு வரி அவன் வாயிலிருந்து வரவில்லை. ஆள் எதிரே போய் நிற்பான், உதடு அசையும், சத்தம் வராது. இதை அவன் வகுப்புப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். அப்புறம் கொண்டாட்டம்தான். பலகை இவனிடம் பத்திரமாக இருக்கிறது, இவன் யார்மேலும் போடப்போவதில்லை என்று ஆனபின் இரண்டாம் வகுப்பு முழுவதும் அவனைச் சுற்றி உட்கார்ந்து தமிழில் பொளந்து கட்டியது. வகுப்பிலேயே தமிழ் பேசாத ஒரே பிள்ளை அவன்தான். டீச்சர் கண்ணுக்கோ தமிழை விடாத ஒரே பிள்ளையாகத் தெரிந்தான்.

பள்ளியில் மூடிய வாய் மெல்ல மெல்ல வீட்டிலும் மூடிக்கொண்டது. எழுத்து நெஞ்சுப் பக்கம் இருக்கும்படி பலகையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பான். சாப்பாடு வேண்டுமா என்றால் தலையாட்டுவான். அம்மா பள்ளிவாசலில் மந்திரித்துக் கயிறு கட்டினாள், டாக்டரிடம் நாக்கை நீட்டிக் காட்ட வைத்தாள். நாக்கில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அப்பா வேலை விட்டு வந்து சைக்கிளை நிறுத்தும்போதே, "இன்னா நைனா, ஒரு வார்த்த பேசேன்" என்பார். அவர் குரலில் இருந்த கெஞ்சல் எனக்கு இன்னும் கேட்கிறது.

தீபாவளி மழையில் மாடிவீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். அப்பாவின் தொழிற்சாலைக்கு ஸ்பெயினிலிருந்து ஒரு பெரிய இயந்திரம் வந்திருந்தது, அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஒரு என்ஜினீயர் வந்தார். மெட்ராஸிலிருந்து தினமும் காரில் வந்துபோக முடியாது என்று அவர் அடம்பிடிக்க, கம்பெனி எங்கள் மாடியைப் பிடித்துக் கொடுத்தது. கூடவே அவர் மனைவி. எங்களுக்கு அவர் மாடியம்மா.

தெருவே வாசலில் நின்றது. அம்மா என்னை முன்னால் தள்ளினாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி, குட் மார்னிங், வெல்கம் டு அவர் ஹோம் என்றேன். மாடியம்மா என்னைக் கட்டிக்கொண்டு, மழை கொட்டுகிற வேகத்தில் என்னென்னவோ பேசினார். ஒரு சொல்கூட இங்கிலீஷ் இல்லை. எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சியைச் சொல்லி முடியாது. வெள்ளைக்காரர்கள் என்றால் பிறக்கும்போதே இங்கிலீஷ் அழுகைதான் என்று நம்பியிருந்தேன். நான் மட்டுமா? எங்கள் வீட்டுக்கார அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி தீர்ப்பு சொன்னார்:

"வெள்ளக்காரிக்கு இங்கிலீஷ் வராதா? அப்ப இன்னாத்துக்கு இவ்ளோ வெள்ளையா கீறா?"

எங்களோடு சித்தி இருந்தாள், அம்மாவின் தங்கை. தமிழ் மீடியத்தில் படித்து, பி.ஏ. இங்கிலீஷ் தபாலில் முடித்தவள். சாயங்காலம் கூடத்தில் தெருப்பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாள். என்ஜினீயருக்கு இங்கிலீஷ் வரும். அவர் கீழே இறங்கி வந்து, தன் மனைவி நாளெல்லாம் பேச்சுத் துணை இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லித் தர முடியுமா என்று சித்தியைக் கேட்டார். சித்தி பயந்து போய், முடியும் என்று சொல்லிவிட்டாள்.

அந்த முதல் வாரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மாடியம்மா எங்கள் மேசையைத் தட்டி, "மேசா" என்றார். சித்தி திகைத்து, "மேசை" என்றாள். "மேசா." "மேசை." இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடல் தாண்டி ஒரு நாட்டில், எங்கள் வீட்டுப் பழைய மேசையை அதே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்! அன்று ராத்திரி சாப்பிடும்போது அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் பின்னால் வந்தது. அவர்கள் மொழியில் மேசை பெண்ணாம், கார் ஆணாம். வீடு பெண் என்பதால் அதோடு சேருகிற வெள்ளையும் பெண் உடுப்பு போட்டுக்கொள்ளுமாம். வீடுகள் என்று பலவாகிவிட்டால் வெள்ளையும் வெள்ளைகள் ஆகிவிடுமாம். போதாதற்கு நிறம் எப்போதும் பொருளுக்குப் பின்னால்தான் நிற்குமாம். என்ஜினீயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை விளக்க, சித்தி எங்களுக்குத் தமிழில் சொன்னாள். நாங்கள் வாயைப் பிளந்து கேட்டோம். சிவப்பு என்றால் எதன் முன்னால் நின்றாலும் சிவப்பு என்றுதானே அதுவரை நினைத்திருந்தோம்? அன்று முதல் நான் பார்க்கிற பொருளெல்லாம் ஆணா பெண்ணா என்று யோசிக்க ஆரம்பித்தேன். மின்சார ரயில் பெண் என்றும், சரக்கு ரயில் ஆண் என்றும் நானாகவே முடிவு கட்டினேன்.

மாடியம்மாவுக்கு இதே கதைதான் இங்கிலீஷில் தலைவலி. சித்தி ரெட் கார் என்றால் அவர் கார் ரெட் என்பார். ஒயிட் ஹவுசஸ் என்றால் ஹவுசஸ் ஒயிட்ஸ் என்பார். நிறம் முன்னால் வர வேண்டும், எத்தனை வந்தாலும் அது மாறக் கூடாது என்று சித்தி விளக்குவாள். அவரும் தலையாட்டிவிட்டு, பக்கெட்ஸ் ப்ளூஸ் என்பார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார். பெரியவர்கள் தப்பு செய்துவிட்டுச் சிரிப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

வழி காட்டியது மீன்காரம்மாதான், அவருக்கே அது தெரியாது. பழவேற்காட்டிலிருந்து கூடை கொண்டுவருவார். ஒருநாள் காலையில் மாடியம்மா வாசலில் குந்தி, அவரிடமே கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழில், "பெரிய எறா. சின்ன மீன். நல்ல நண்டு" என்று விரலால் காட்டிக் காட்டி வாங்கிக்கொண்டிருந்தார். ஒன்றுகூட முன்பின் மாறவில்லை. தண்ணீர்க் குடத்தோடு வந்த சித்தி அப்படியே நின்றுவிட்டாள்.

அன்று சாயங்காலம் சித்தி வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலையும் மூடினாள். கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவள் மாதிரி குரலைத் தாழ்த்தி, "முதல்ல தமிழ்ல சொல்லுங்க. அப்புறம் அதே வரிசையில இங்கிலீஷ்" என்று சைகையோடு சொன்னாள்.

"பெரிய மீன்," என்றார் மாடியம்மா. "பிக் ஃபிஷ்."

"செவப்பு சேலை?"

"ரெட் சாரி."

"நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல பசங்க?"

"குட் பாய், குட் கேர்ள், குட்..." நிறுத்தி, விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, "குட் சில்ட்ரன்!"

சித்தி அழுதேவிட்டாள். தமிழை மறந்தால்தான் இங்கிலீஷ் வரும் என்று அவளுக்கு வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டும் ஒரே வரிசையில் நடப்பதை அவளும் அன்றுதான் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் வாயில் சும்மா கிடந்த பேச்சு, ஸ்பெயினிலிருந்து வந்த ஒருவருக்கு இங்கிலீஷுக்குப் படிக்கட்டு ஆகிவிட்டதே!

அந்தக் கூடத்தில் தம்பியும் இருந்தான். மாடியம்மாவின் பக்கத்தில்தான் உட்காருவான். சித்தி அட்டைகளை வெட்டி, நிறங்களை ஒரு குவியலாகவும் பொருட்களை ஒரு குவியலாகவும் வைத்திருந்தாள். மாடியம்மா அட்டையை மாற்றி வைத்தால் தம்பி பேசாமல் கையை நீட்டி நிறத்தை முன்னால் நகர்த்தி வைப்பான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வாய்தான் திறக்கவில்லை. அவர் அவனைப் பார்த்துக் கண்ணடிப்பார், அவன் சிரிப்பான். பள்ளி திறந்திருக்கிற நாளில் அவன் சிரிப்பது அங்கே மட்டும்தான்.

ஒருநாள் மாடியம்மா அவன் கழுத்துப் பலகையைக் காட்டி, புருவத்தை உயர்த்தி, இது என்ன என்று கேட்டார். சித்திக்கு முகம் சுருங்கிவிட்டது. சொந்த மொழி பேசியதற்குத் தண்டனை என்று வெளிநாட்டு அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சட்டென்று, "கிளாஸ் லீடர்" என்று சொல்லிவிட்டாள். மாடியம்மா மரியாதையோடு தலை தாழ்த்தினார். மறுநாளிலிருந்து அவனை "பிக் லீடர்" என்றுதான் கூப்பிட்டார். பொய் சொன்ன சித்தியால் அப்புறம் அந்தப் பலகைப் பக்கமே பார்க்க முடியவில்லை.

பொங்கல் முடிந்ததும் கரஸ்பாண்டென்ட் அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டு அனுப்பினார். ஆண்டு விழாவுக்குள் பையன் வாயைத் திறந்து இங்கிலீஷில் பேசியாக வேண்டும், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொண்டு பேசாத பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்றார். அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. தம்பியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தம்பிக்கும் புரிந்துவிட்டது. அன்று ராத்திரி அவன் போர்வைக்குள் உதட்டை அசைத்து அந்த ஒரு வரியை முயன்று பார்ப்பதைப் பக்கத்தில் படுத்திருந்த நான் பார்த்தேன். காற்றுதான் வந்தது.

அதே கரஸ்பாண்டென்ட் அடுத்த வாரம் சால்வையும் பழத்தட்டுமாக எங்கள் வாசலில் வந்து இறங்கினார். மாடியில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருப்பது அவர் காதுக்கு எட்டிவிட்டது. ஆண்டு விழாவுக்கு அவர்தான் தலைமை விருந்தினராம், பிள்ளைகள் அசலான இங்கிலீஷ் என்றால் என்ன என்று காதால் கேட்க வேண்டுமாம். என்ஜினீயர் வேலையில் இருந்தார். மாடியம்மாவோ எதற்கும் முதலில் 'யெஸ்' என்று சொல்கிற ஆள், யெஸ் என்றுவிட்டார். அப்பா பதறிப்போய் பின்னாலேயே ஓடினார்.

"சார், அவங்களே எங்க ஊட்லதான் இங்கிலீஷ் கத்துக்கினு கீறாங்க."

கரஸ்பாண்டென்ட் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

அப்புறம் ஒரு மாதம் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுப் பயிற்சிதான். சின்னப் பேச்சு, மனப்பாடமாக. இது பெரிய பள்ளி, அழகான மேடை, வெள்ளைச் சட்டைகள், நீலப் பாவாடைகள், நல்ல பிள்ளைகள். முதலில் அடிக்கடி இடறினார். ஒயிட்ஸ் ஷர்ட்ஸ் என்று கடைசி வரை வந்துகொண்டிருந்தது. 'குட் சில்ட்ரன்' மட்டும் அவருக்கு ஒரு நாளும் தப்பவில்லை. அது வந்தால் சித்தியும் நிம்மதியாக மூச்சு விடுவாள், பேச்சு முடியப்போகிறது என்று.

விழா அன்று அம்மா தன் சிவப்புப் பட்டுச்சேலையை மாடியம்மாவுக்குக் கட்டிவிட்டாள். பள்ளி மைதானத்தில் ஷாமியானா, ஊரே வந்திருந்தது. சிப்காட் ஆபீசர்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். பலகை விருந்தினர் கண்ணில் படக் கூடாது என்று தம்பியைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். விழா நாளானாலும் கழற்ற முடியாது, முறை என்றால் முறை. நான் அவன் பக்கத்தில் இருந்தேன். இன்னும் பேசவில்லையே, நாளைக்கு டி.சி.தானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடியம்மா மைக் முன்னால் வந்தார். "குட் ஈவினிங். திஸ் இஸ் எ பிக் ஸ்கூல்." சரி. "பியூட்டிஃபுல் ஸ்டேஜ்." சரி. "ஒயிட் ஷர்ட்ஸ்." சித்தி பக்கவாட்டில் கைகூப்பி நின்றது தெரிந்தது. "ப்ளூ ஸ்கர்ட்ஸ்." அப்போது பார்த்து ஒரு சரக்கு ரயில் ஊளையிட்டுக்கொண்டு போனது. அது போகும் வரை அவர் காத்திருந்தார். பிறகு மைக்கில் தெளிவாகக் கேட்டது:

"நல்ல பசங்க."

மைதானம் அடங்கிவிட்டது. அந்தப் பள்ளியின் மைக்கில் தமிழ் கேட்டது அதுதான் முதல் தடவை. சித்தி உதட்டைக் கடித்தாள். கரஸ்பாண்டென்ட் சிரிப்பு மாறாமல் உட்கார்ந்திருந்தார், ஆனால் தோளில் கிடந்த சால்வை நழுவியது. மாடியம்மா தலையை நிமிர்த்தி, கூட்டத்தின் கடைசி வரை பார்த்து, இன்னும் மெதுவாக, இன்னொரு முறை சொன்னார்: "நல்ல பசங்க."

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. தம்பி எழுந்துவிட்டான். நான் சட்டையைப் பிடிப்பதற்குள் நடக்க ஆரம்பித்தான். சோபாக்களுக்கு நடுவே, எல்லோரும் பார்க்கப் பார்க்க, நேராகப் போய் மேடைப் படியேறினான். கழுத்திலிருந்து பலகையைக் கழற்றிக் கையில் எடுத்தான். முறைப்படி எதிரே போய் நின்றான். மாடியம்மா அவனுக்காகக் குனிந்து, மைக்கையும் கூடவே தாழ்த்தினார்.

"யூ ஸ்போக் தமிழ்," என்றான் என் தம்பி. "டேக் திஸ்."

அந்தக் குரலை நாங்கள் மாதக்கணக்கில் கேட்டிருக்கவில்லை. ஸ்பீக்கர் வழியாக ஸ்டேஷன் வரை போயிருக்கும். அவர் தலையைத் தாழ்த்தினார், அவன் மாட்டிவிட்டான். அவர் நிமிர்ந்து, சிவப்புப் பட்டின் மேல் அந்தப் பலகையைச் சரியாகப் பொருத்திக்கொண்டு, "தேங்க் யூ, பிக் லீடர்" என்றார். அவன், "வெல்கம்" என்றான்.

சோபாக்காரர்கள் இதை விருந்தினருக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் கைதட்ட, மைதானமே தட்டியது. கரஸ்பாண்டென்ட்டும் எழுந்து நின்று தட்ட வேண்டியதாயிற்று. அப்பா மட்டும் தட்டவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

தலைமை விருந்தினர் கழுத்திலிருந்து யார் போய்ப் பலகையைத் திரும்பக் கேட்பது? கேட்கவில்லை. விழா முடியும் வரை அதோடேயே உட்கார்ந்து பரிசு கொடுத்தார். மறுநாளிலிருந்து பிள்ளைகள் எல்லோரும் எனக்கு எனக்கு என்று மற்ற வகுப்புப் பலகைகளுக்கு அடித்துக்கொண்டார்கள். தண்டனையை இப்படிக் கேட்டு வாங்கினால் என்ன செய்வது? கரஸ்பாண்டென்ட் எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டார். டி.சி. பேச்சும் அதோடு போனது. கோடையில் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மாடிக்காரர்கள் கிளம்பினார்கள், பலகையும் அவர்களோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டது. பாவம், மெடல் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார் என்று சித்தி பல வருஷம் சொல்லி மாய்ந்து போவாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் தம்பி வீடு கட்டினான். புதுமனைப் புகுவிழாவுக்கு எல்லோரும் போயிருந்தோம். இப்போது அவன் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதுதான் கஷ்டம். அடுப்பில் பால் வைத்துப் பொங்கக் காத்திருந்த நேரத்தில், சித்தி வழக்கம்போலத் தன் பழைய பொய்யைச் சொல்லி நொந்துகொண்டாள். தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அவங்களுக்குத் தெரியும் சித்தி. நீ லீடர்னு சொன்ன மறுநாளே மாடிப்படியில என்ன நிறுத்தி, பலகையத் திருப்பிப் பாத்தாங்க. வெரல வெச்சு ஒவ்வொரு எழுத்தா படிச்சாங்க. அப்ப தமிழ்ங்கிற எழுத்தத் தொட்டு, வாயத் தொட்டு, அடுத்தவங்க கழுத்துல மாட்டற மாதிரி நான் கையாலேயே காட்டினேன். அப்புறம் எழுத்து உள்ள இருக்கிற மாதிரி திருப்பி வெச்சுட்டு, பிக் லீடர்னு கூப்பிட்டாங்க."

எங்களிடம் அவர் கற்றுக்கொண்டிருந்ததே இங்கிலீஷ்தான். பலகையில் எழுதியிருந்ததும் இங்கிலீஷ்தான். இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. பால் பொங்கி வழிந்தது, எல்லோரும் சந்தோஷமாகச் சத்தம் போட்டார்கள். சித்தி மட்டும் தம்பியின் கையை விடவில்லை.

"அப்ப மேடையில தமிழ்ல சொன்னது?" என்று மெல்லக் கேட்டாள்.

"என்னத் தேடித்தான் சொன்னாங்க," என்றான் தம்பி. "மொத தடவ நான் எழுந்துக்கல. அதான் ரெண்டாவது தடவ சொன்னாங்க."